ஒளிப்பதிவு விருதும் மாதுங்கா ஜோசியமும்

எங்கள் செம்பூர் நண்பர் வட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு. தேசிய திரைப்பட விருது அறிவிப்பு நெருங்கினால் போதும், ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில் காபி குடிக்க உட்காரும் இடத்தில் "சிறந்த ஒளிப்பதிவு யாருக்கு?" என்று பந்தயம் ஆரம்பித்துவிடும். தோற்றவர் பில் கட்ட வேண்டும். நானும் கட்டியிருக்கிறேன். அந்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை :-)

2024 ஆகஸ்டில் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்காக ரவி வர்மனுக்கு விருது கிடைத்தது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று ஒரு நண்பர் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார். எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால், "நம்ம ஆளு சார்!" அவ்வளவுதான் ஆராய்ச்சி. அடுத்த வருடமும் அதே கணக்கில் ஒரு தமிழ்ப் படத்தைச் சொன்னார். 2025 ஆகஸ்ட் 1 அன்று விருது 'தி கேரளா ஸ்டோரி'க்குப் போனது. அந்த ஞாயிறு மனிதர் காபிக்கே வரவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கைக்கு ஜோசியம் தெரியும் என்றா அர்த்தம்?

நான் படித்தது பி.காம். கேமராவுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், கேஒய்சி போட்டோவில் முகம் தெரிகிறதா என்று பார்ப்பதோடு சரி. ஆனால் எதைக் கணிக்கலாம், எதைக் கணிக்க முடியாது என்பது எங்கள் பிழைப்பு. கையில் தகவல் இல்லாமல் சொல்வதற்குப் பெயர் கணிப்பு இல்லை.

ஆஸ்கரைக் கணிக்கலாம். ஐந்து பேர் பட்டியலை ஒளிப்பதிவாளர்களே தேர்ந்தெடுத்து முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். பிறகு ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். அதற்கு முன்பே அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்க விருதும், பிரிட்டனின் பாஃப்டாவும் வந்துவிடும். 2009-ல் எங்கள் தாராவிச் சந்துகளுக்குள் சின்ன டிஜிட்டல் கேமராவோடு ஓடிய ஆன்டனி டாட் மான்டில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்கு அந்த இரண்டையும் வாங்கிவிட்டுத்தான் ஆஸ்கர் மேடை ஏறினார். 13 தடவை பட்டியலில் வந்து வெறுங்கையோடு திரும்பிய ரோஜர் டீகின்ஸ் 2018-ல் ஜெயித்ததும் அப்படியே. சறுக்குவதும் உண்டு. 2019-ல் சங்கம் 'கோல்ட் வார்' என்றது, ஆஸ்கர் 'ரோமா' என்றது. இருந்தாலும் கணக்குப் போட ஒரு பிடி இருக்கிறது.

நம் தேசிய விருதில் என்ன பிடி? இறுதிப் பட்டியல் என்று ஒன்றை முன்கூட்டி யாரும் வெளியிடுவதில்லை. தயாரிப்பாளர் அனுப்பிய படங்கள் மட்டும் போட்டியில் இருக்கும். வட்டாரக் குழுக்கள் வடிகட்டும். டெல்லியில் பத்துப் பதினோரு பேர் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அடுத்த வருடம் ஆட்கள் மாறிவிடுவார்கள். ஒருநாள் பத்திரிகையாளர் சந்திப்பில் பெயர் மட்டும் வந்து விழும். 2010-ல் 'குட்டி ஸ்ராங்க்' படத்துக்காக அஞ்சுலி சுக்லா வாங்கினார், இந்த விருதை வாங்கிய முதல் பெண். 2019-ல் 'ஓளு' படத்துக்கு எம்.ஜே. ராதாகிருஷ்ணன்; ஜூலையில் அவர் காலமானார், ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. இவை தப்பான தேர்வுகள் என்று நான் சொல்லவே இல்லை. ஏன் இவர்கள், ஏன் மற்றவர்கள் இல்லை என்று எங்காவது விளக்கமாக எழுதியிருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

கிளையில் ஐந்து லட்சம் கடன் கொடுத்தால்கூட சாங்ஷன் நோட்டில் காரணம் எழுத வேண்டும். ஆடிட்டர் வந்து கேட்பார். நாட்டின் உயர்ந்த ஒளிப்பதிவு விருதுக்கு ஓரிரு வரிப் பாராட்டுரை போதுமாம். பெயரை மறைத்துவிட்டால் எந்தப் படத்துக்கு எழுதியது என்றே கண்டுபிடிக்க முடியாத வரிகள். காரணத்தை வெளியிட்டால் நடுவர்களுக்கு நெருக்கடி வரும் என்பார்கள். கமிட்டியில் யார் என்ன பேசினார்கள் என்று எங்களிடமும் வெளியே சொல்வதில்லை. முடிவுக்கான காரணம் மட்டும் காகிதத்தில் இருக்கும். அது போதுமே.

இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், எனக்கு ஒளிப்பதிவு என்றால் என்ன என்று புரிந்ததே மும்பை வந்த பிறகுதான். 'நாயகன்' படத்தைத் திருநெல்வேலியில் சின்ன வயதில் வீடியோ கேசட்டில் பார்த்தவன் நான். மாற்றலாகி இங்கே வந்த முதல் மாதமே தாராவி 90 அடி ரோட்டில் வேலு நாயக்கர் வீட்டைத் தேடினேன். "தம்பி, அதெல்லாம் மெட்ராஸ்ல போட்ட செட்டு" என்று கடைக்காரர் ஒருவர் சிரித்தார். உண்மைதான். பெரும்பகுதி வீனஸ் ஸ்டூடியோவில் தோட்டா தரணி எழுப்பிய தாராவி. ஆனால் நிஜத் தாராவிச் சந்தில் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் சுவர் இடிக்கும். மேலே ஒரு கோடு வானம். உச்சிவெயில் நேரத்தில் மட்டும் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து இறங்கும், மற்றபடி பகலிலேயே இருட்டு. அந்த இருட்டைப் பார்க்காதவர்களுக்கும் பி.சி. ஸ்ரீராம் ஸ்டூடியோவுக்குள் காட்டிவிட்டார். 1987-க்கான விருது அவருக்கு ஏன் போனது என்று அந்தச் சந்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகன், தாராவிப் பையன், சீரியல் ஷூட்டிங்கில் லைட் தூக்குகிறான். கேமராமேன் ஆக ஆசை. ஒருநாள் கேட்டான்: "சார், எதைப் பாத்து குடுக்கறாங்க? தெரிஞ்சா அதக் கத்துக்கலாம்ல?" என்னிடம் பதில் இல்லை. அவனிடம் போய் "நம்ம ஆளுக்குத்தாண்டா" என்று சொல்ல முடியுமா?

அந்த 'நம்ம ஆளு' கணக்கும் உதைக்கிறது. மட்டக்களப்புப் பக்கம் பிறந்த பாலு மகேந்திராவுக்கு முதல் தேசிய விருது கன்னட 'கோகிலா'வுக்கு. 'மூன்றாம் பிறை' பிறகுதான். மலையாளியான சந்தோஷ் சிவனுக்கு 1997-ல் தமிழ் 'இருவர்', அடுத்த வருடமே இந்தி 'தில் சே'. இதில் யாரை எந்த ஊர்க் கணக்கில் வரவு வைப்பது?

போன வாரம் நண்பர் அடுத்த ஜோசியத்தோடு வந்துவிட்டார். நான் சொன்னேன்: "சார், ஜெயிக்கப் போறவர் பேர் வேண்டாம். அந்தப் படத்துல ஒரே ஒரு ஷாட் சொல்லுங்க, அதுல வெளிச்சம் எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னு சொல்லுங்க. விருது வந்தாலும் வராட்டியும் பில் என்னோடது."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவரே பில்லைக் கட்டினார்.