ஏரிச் சேற்றில் உறங்கும் சம்பத்து

ஸ்ரீராமாநுஜர் அவதரித்த தலமென்று நூற்றாண்டுகளாகப் பெயர்பெற்ற ஸ்ரீபெரும்புதூர், 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை எழுந்தது முதல், ஒரகடம் வரையில் காரும் லாரியும் கண்ணாடியும் கைப்பேசியும் உருவாகும் பெருந்தொழிற் பிரதேசமாக வளர்ந்திருப்பது மகிழத்தக்கதே. ஆயினும், ஆலைகளுக்கிடையே எஞ்சியிருக்கும் ஏரிகளின் சேற்றை ஒன்றுக்கும் உதவாத அழுக்கென்று கருதும் மனோபாவத்தை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

ஒரு சிட்டிகைச் சேற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தமக்குக் கிடைத்ததைச் செரித்துப் பிழைப்பதற்கான நொதிகளை ஆக்கும் மரபணுக்கள் அவற்றினுள் இருக்கின்றன. ஜப்பானின் சாகாய் நகரில், பிளாஸ்டிக் புட்டிகளை மறுசுழற்சி செய்யும் ஆலையருகே எடுத்த மாதிரியிலிருந்து, அந்தப் பிளாஸ்டிக்கையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாவைக் கண்டதாக விஞ்ஞானிகள் 2016-இல் அறிவித்தனர். நம் ஆலைகளுக்கு அருகிலுள்ள சேற்றில் என்ன இருக்கிறதென்று தேடிப் பார்க்க இதைவிட வேறு தூண்டுதல் வேண்டுமோ? கழிவை ஏரியில் விடலாமென்பது இதன் பொருளன்று. ஏரியைக் காப்பதற்கு இன்னுமொரு காரணம் உண்டென்பதே பொருள்.

நுண்ணுயிர்களிற் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத் தட்டில் வளர மறுப்பவை. ஆதலால், சேற்றிலிருந்து டி.என்.ஏ.வை நேரே பிரித்து, துண்டாக்கி, ஈ.கோலை பாக்டீரியாவினுள் புகுத்தி, பால் கலந்த தட்டில் வளர்க்கிறார்கள். எந்தக் கூட்டத்தைச் சுற்றிப் பாலின் வெண்மை கரைந்து தெளிவடைகிறதோ, அங்கே புரதத்தைச் சிதைக்கும் நொதியின் மரபணு இருக்கக்கூடும்.

இதனால் நமக்கென்ன பயனென்று கேட்பவர், தோல் பதனிடும் கழிவால் பாழான பாலாற்றைப் பார்க்கட்டும். தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் இடுவதற்கு மாற்றாக இத்தகைய நொதிகளைப் பயன்படுத்தும் ஆராய்ச்சியில், 1948 முதல் அடையாறில் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாக ஈடுபட்டு வருகிறது.

பயன் கிடைத்தால் அதில் யாருக்குப் பங்கு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வெந்நீரூற்றில் 1966-இல் எடுத்த பாக்டீரியாவின் நொதி, டி.என்.ஏ.வைப் பெருக்கும் முறைக்கே ஆதாரமாயிற்று; அம்முறையின் உரிமை 1991-இல் 30 கோடி டாலருக்குக் கைமாறியபோதும், அந்தப் பூங்காவுக்கு ஒரு பங்கும் கிட்டவில்லை. நம் நாட்டிலோ, நுண்ணுயிர்களையும் உயிரியல் வளமாகக் கொண்டு பயனைப் பகிர்ந்தளிக்க வழிசெய்யும் சட்டம் 2002-லேயே இயற்றப்பட்டது. அதை நிர்வகிக்கும் தேசிய ஆணையமும் சென்னையிலேயே இருக்கிறது.

ஆகவே ஊராட்சிகளையும் ஆராய்ச்சி நிலையங்களையும் வேண்டிக்கொள்கிறேன்: இப்பிரதேசத்து ஏரிகளை மூடாதீர்கள், அவற்றின் சேற்றைச் சோதியுங்கள், அதில் கிடைக்கும் பயனில் அவ்வூர் மக்களுக்குரிய பங்கை முன்னதாகவே எழுதி வையுங்கள்.