பாயின் பெயரும் பாயின் கோலமும்

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டபடியால், அதன் மாதிரியை இனி எவரும் காப்பியடிக்க இயலாது என்றொரு எண்ணம் தாமிரவருணி தீரத்தில் நிலவி வருகிறது. நமது தேசாபிமானிகளிலும் இப்படி நம்புவோர் உண்டு. இது முற்றும் தவறு.

1999-ஆம் வருஷத்துப் புவிசார் குறியீட்டுச் சட்டம் காப்பது பெயரை. வேற்றூரில் நெய்த பாயைப் பத்தமடைப் பாய் என்று விற்பது குற்றம். ஆனால் அப்பாயின் கோலத்தைப் பிளாஸ்டிக் பாயில் யந்திரத்தால் ஏற்றி வேறு பெயரில் விற்பவனை அச்சட்டம் தொடாது. கோலத்துக்குரியது 2000-ஆம் வருஷத்து வடிவமைப்புச் சட்டம். வெள்ளையர் ஆட்சியில் 1911-ல் பிறந்த சட்டத்தின் ஸ்தானத்தில் வந்தது.

இச்சட்டம் கண்ணுக்குப் புலனாகும் தோற்றத்தை மட்டுமே காக்கும். உருவம், சித்திரக் கோலம், கோடுகளும் வர்ணங்களும் இணைந்த அழகு ஆகியவை இதில் அடங்கும். கையால் செய்ததா யந்திரத்தால் செய்ததா என்ற பேதமில்லை. கோரையை நீரில் ஊறவைத்து, மயிரிழைபோல் கீறி, பருத்திப் பாவில் கோத்துப் பட்டுப்போல் மடியும் பாயாக்குகிறார்களே, அந்த வித்தை இதற்குப் புறம்பு.

கோலமும் புதிதாயிருத்தல் வேண்டும். இந்தியாவிலோ வேறெத்தேசத்திலோ முன்னர் வெளிவந்ததாயின் பதிவு கிடையாது. இதில் நன்மையும் உண்டு. ஆழ்வார்திருநகரிக்கு அருகே ஆதிச்சநல்லூர் மண்ணிலிருந்து எடுத்த தாழிகளின் உருவத்தை ஒரு முதலாளி தமதென்று பதிந்துகொண்டு, நம் குயவரை வனையவிடாமல் தடுக்க முடியாது. தப்பித் தவறிப் பதிந்துவிட்டாலும், பழமையைக் காட்டி அதை ரத்துச் செய்விக்கலாம்.

தீங்கு நேர்வது புதுமை காண்பவருக்கே. பாய் நெய்பவரோ ஓலைப்பெட்டி முடைபவரோ ஒரு புதுக் கோலம் கண்டால் என்ன செய்கிறார்? சந்தையில் விரிக்கிறார். விரித்த அன்றே அது வெளிவந்த கோலமாகிவிடுகிறது. பிறகு மனுச் செய்து பயனில்லை. மத்திய சர்க்கார் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அதற்கும் முன்னறிவிப்புக் கொடுத்து, ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும். பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறதே என்பார் சிலர். பதியத்தக்க கோலத்தைப் பதியாமலே ஐம்பது முறைக்குமேல் சரக்கில் இட்டுவிட்டால் அவ்வுரிமையும் அற்றுப்போகிறது. ஐம்பது உருப்படி ஒரு வருஷச் சந்தைக்குக்கூடக் காணுமா?

பதிவானால் 10 வருஷம், நீடித்தால் மேலும் 5 வருஷம் காவல். மீறியவன் ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 ரூபாய் வரை கட்டுவான். ஒரு கோலத்துக்கு மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் இல்லை. பெரிய ஆலைக்கு இது வெற்றிலை பாக்குச் செலவு! நஷ்டஈடும் தடையுத்தரவும் கோரி ஜில்லா கோர்ட்டுக்குப் போகலாம்தான். அதற்குப் பணம் எந்தக் கோரைக்கட்டில் இருக்கிறது?

1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்குப் பத்தமடைப் பாய் சென்றதை இன்றும் பெருமை பேசுகிறோம். நெய்தவரின் கோலத்துக்கு உரிமை கேட்பாரைத்தான் காணோம்.

வடிவ மனுக்களைப் பரிசீலிக்கும் காரியாலயம் கொல்கத்தாவில் இருக்கிறது. தறியை விட்டுவிட்டு நெசவாளி காகிதம் நிரப்பிக்கொண்டிருப்பார் என எதிர்பார்ப்பது நியாயமன்று. நெசவாளர் சங்கங்களின் பெயரால் மனு எழுதிக் கொடுக்க, திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் ஜில்லாத் தொழில் மையங்கள் ஆளமர்த்தவேண்டும். கட்டணத்தை ராஜ்ய சர்க்கார் ஏற்கவேண்டும். அபராத உச்சவரம்பை உயர்த்த நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் வாய் திறக்கவேண்டும். அதுவரை நமது ஊழியர்கள் செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு: கண்காட்சிக்குச் சரக்குக் கட்டுமுன் புதுக் கோலங்களைப் பொறுக்கியெடுத்து, மனு போய்ச் சேரும்வரை அவற்றை வீட்டிலேயே சுருட்டி வைக்கச் சொல்லுதல்.