நெஞ்சில் குத்திய நினைவு

1949 முதல் டிசம்பர் 7 கொடி நாள். முன்னாள் படைவீரர் நலனுக்குப் பணம் திரட்டுவதில் ஆட்சேபமில்லை, நானும் கொடுக்கிறேன். கொடியைச் சட்டையில் குத்திக்கொள்ளத்தான் மறுக்கிறேன். மாவட்டத்துக்கு இவ்வளவு, அலுவலகத்துக்கு இவ்வளவு என்று இலக்கு இறங்கி அன்னவாசலுக்கு வந்து சேர்வதற்குள் கொடை வரியாகிவிடுகிறது. குத்தாதவன் தேசபக்தியற்றவன். குத்தியவனிடம், எந்தப் போர், செத்தவன் குடும்பம் என்னவாயிற்று என்று எவரும் கேட்பதில்லை.

பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த இலங்கையில் முதல் உலகப்போர் நினைவாகப் பாப்பிப் பூ விற்றார்கள். வசூலில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போவதைக் கண்ட இளைஞர்கள் 1933இல் எதிராகப் பூவரசம்பூ விற்றார்கள். எதைச் சூடுவது என்று அங்கே ஒருவன் யோசிக்கவாவது வேண்டியிருந்தது. இங்கே ஒரே கொடி, ஒரே குண்டூசி.

நடுகல் நட்ட நம் முன்னோர் அதை மண்ணில்தான் நட்டார்கள். எவன் நெஞ்சிலும் குத்தவில்லை.