உழைக்கிற முதுகுக்கும் தியானம் உதவும்

தூத்துக்குடியில் உப்பளத்திலும் துறைமுகத்திலும் முதுகொடிய உழைத்தவர்களிடம் வலிக்குத் தியானம் செய்யலாம் என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவங்களுக்கு, நமக்கு ஊசிதான்" என்பார்கள். படித்தவர்களும் இதையேதான் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு.

வலி முதுகில் இருக்கிறது, மனதில் இல்லை என்பது முதல் வாதம். முதுகில்தான் இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் மூன்று மாதம் தாண்டி நீடிக்கும் வலியை நரம்பு மண்டலமே பெருக்கிக்கொண்டு போகக்கூடும். தூக்கமின்மையும் கடன் கவலையும் அதற்குத் தீனி போடும். அந்த இடத்தில்தான் தியானம் வேலை செய்கிறது.

எல்லாம் வெறும் மனத்தேற்றம் என்கிறார்கள் சிலர். ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸில் நாள்பட்ட நோயாளிகளுக்காகத் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சியை, இடுப்புவலிக்காரர்கள் 342 பேரைக் கொண்ட ஓர் அமெரிக்க ஆய்வு சோதித்தது. முடிவு 2016-இல் வெளியானது. ஆறு மாதத்தில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 44 சதவீதம் பேருக்கு அன்றாட வேலை செய்யும் திறன் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தது. பயிற்சிக் குழுவில் 61 சதவீதம். வலியே இல்லாமல் போனது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மாத்திரை இருக்க இது எதற்கு என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் வாதம். அளத்தில் வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்கி, குனிந்தபடியே வாருபலகையால் உப்பை இழுக்கும் பெண்கள் பலர், ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரே குடிப்பதில்லை. வற்றிய உடம்பில் டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரையைத் தினமும் போட்டால் சிறுநீரகம் கெடக்கூடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அந்த மாத்திரை ஒன்று குறைந்தாலும் லாபம்தான்.

நேரமில்லை என்பதற்குப் பதில் எளிது. பாயில் படுத்து, கால் விரலில் தொடங்கி உச்சந்தலை வரை ஒவ்வொரு உறுப்பாகக் கவனத்தை நகர்த்துவதும் இந்தப் பயிற்சியில் ஒன்று. வேலை முடிந்து படுக்கும்போதே செய்யலாம். இதற்கு மதமும் கிடையாது.

ஓர் எல்லையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கம்ப்ரசர் காற்றில் சங்கு குளிப்பவருக்கு, மேலே வந்தபின் மூட்டில் வலி எடுத்தால் அது ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிட்டதால் இருக்கலாம். அவருக்கு உடனே ஆக்சிஜனும் மருத்துவமனையும் தேவை. அங்கே தியானத்துக்கு இடமில்லை. கால் மரத்துப்போவது, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, சிறுநீர் கட்டுப்படாமை இவற்றுக்கும் முதலில் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சை வருகிறது. அதோடு இந்தப் பயிற்சியையும் சேர்த்து, அளக்காரர் வீடுகளில் சொல்லிக்கொடுக்க அரசு முன்வர வேண்டும். அளத்துக்கு நிழலும் கழிப்பறையும் குடிநீரும் அதற்கு முன்பே வர வேண்டும்.