தரைப்பாலமும் ஜீப்பும்

அம்மையார்குப்பம் வட்டாரக் குடும்பத்தாருக்கு மழைக்கால வார்த்தையொன்று. பள்ளிப்பட்டுப் பகுதியில் கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலங்கள் 2021 நவம்பரில் வெள்ளத்தில் மூழ்கின. நம் வானம் வெளுத்திருந்தாலும், ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் இங்கே வெள்ளம் வந்துவிடும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் உண்டே என்னும் துணிவு சேற்றுப் பாதைக்குச் சரி, ஆற்றுக்கு ஆகாது. சக்கரத்தின் வலிமையெல்லாம் தரையைப் பற்றுவதில்தான் இருக்கிறது. 2 அடி உயரத்தில் விரைந்தோடும் நீர் ஜீப்பையும் தூக்கித் தள்ளவல்லது; அப்போது நான்கு சக்கரமும் வீணே சுழலும். கலங்கிய நீருக்கடியில் பாலம் இருக்கிறதா, அரித்துப் போயிற்றா என்பது கரையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? வண்டியில் புனித கிறிஸ்தோபர் சுரூபம் வைத்திருப்போர், அவர் தாம் அறிந்த துறையைக் கோலூன்றிக் கடந்தவர் என்பதையும் நினைக்கட்டும்.

பூசைக்கு நேரமாயிற்றென்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வெள்ளத்தில் இறங்காதீர்கள். இத்தகைய நாளில் ஞாயிற்றுப் பூசைக் கடன் உங்களைக் கட்டுப்படுத்தாது; ஐயமிருந்தால் பங்குக் குருவையே கேளுங்கள்.