பெயர் தெரிந்தால் போதுமா?

'சில நிமிஷத்தில் பாக்டீரியாவின் பெயர்' என்று மால்டி-டாஃப் மெஷினைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார்கள். பொய்யில்லை, பாதி உண்மை.

மெஷின் சமர்த்துதான். பாக்டீரியாவை உலோகத் தட்டில் தடவி, மேலே ஒரு ரசாயனத் துளி விட்டுக் காயவைத்து, லேசரால் அடிக்கிறார்கள். புரதங்கள் மின்னேற்றம் பெற்று வெற்றிடக் குழாயில் ஓடுகின்றன. லேசானவை முந்தும், கனமானவை பிந்தும். ஓடிய நேரத்தை வைத்து எடை கண்டுபிடித்து, கம்ப்யூட்டரில் இருக்கும் ஜாதகங்களோடு பொருத்தம் பார்த்தால் பெயர் வந்துவிடும். 2013-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ.வே அனுமதி கொடுத்துவிட்டது.

சரி, தட்டில் தடவ பாக்டீரியா வேண்டாமா? சிறுநீரில் லட்சக்கணக்கில் மொய்த்தால் நேரடியாகவே பார்க்கலாம். ரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஒன்றிரண்டுகூடத் தேறாது. முதலில் பாட்டிலில் வளர்க்க வேண்டும். அதற்கே பல சமயம் ஒரு நாள் போய்விடும். விளம்பரக் கணக்கில் இந்த நாள் வராது. இரண்டு ஜாதி கலந்திருந்தால் மெஷின் தடுமாறும். ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும் பிரிக்கத் திணறும். எந்த மருந்துக்குச் சாகும் என்று அறிய தனியாக இன்னொரு டெஸ்ட்.

இதெல்லாம்கூடப் போகட்டும். ராத்திரி பதினோரு மணிக்குப் பெயர் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் காலை ரவுண்ட்ஸ் வரை கம்ப்யூட்டரில் தூங்கினால், நோயாளிக்கு என்ன லாபம்? அதுவரை அவர் உடம்பில் குத்துமதிப்பான மருந்துதானே ஏறிக்கொண்டிருக்கும்?

மிச்சிகன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி மெஷினோடு ஒரு ஆன்டிபயாடிக் குழுவையும் சேர்த்தது. ரிசல்ட் வந்த உடனே குழுவுக்குத் தகவல் போகும். அவர்கள் டாக்டரிடம், 'இந்த மருந்துக்கு மாற்றுங்கள்' என்பார்கள். 2013-ல் வெளியான கணக்கு இது: கிருமியின் பெயர் தெரிய 84 மணி நேரமானது 56 ஆயிற்று. மிச்சம் 28. மிகப் பொருத்தமான மருந்து போய்ச்சேர 90 மணி நேரமானது 47 ஆயிற்று. மிச்சம் 43! மெஷின் மட்டும் கொடுத்த லாபமா இது? உபரி 15 மணி நேரம், யாரோ உடனே கவனித்ததற்கும் சொன்னதற்கும் கிடைத்த கூலி.

மெஷினுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் இதற்கு ஆள் போடத்தான் யோசிக்கிறார்கள். மெஷினுக்கு ரிப்பன் வெட்டலாம். நடுராத்திரி போன் செய்பவருக்கு வெட்ட முடியாதே!

இனி எந்த ஆஸ்பத்திரியாவது 'எங்களிடம் மால்டி-டாஃப் இருக்கிறது' என்று மார்தட்டினால் ஒரே கேள்வி கேளுங்கள்: 'ரிசல்ட் வந்தால் ராத்திரி யார் சார் போன் பண்ணுவாங்க?'