சக்கரப் பையா, தோள் பையா?



ஜூன் வந்தாலே, "டீச்சர், பிள்ளைக்கு டிராலி பேக் வாங்கலாமா?" என்று கேட்கிறீர்கள். வேண்டாம். கீழக்குயில்குடித் தெருவின் கல்லிலும் மணலிலும் சக்கரம் எத்தனை நாள் உருளும்? பஸ்ஸிலும் மாடிப்படியிலும் அதைத் தூக்கத்தானே வேண்டும்? கம்பியும் சக்கரமும் சேர்ந்து வெறும் பையே கனம். படியேறும்போது அடிபடும் என்று மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கையும் சக்கரப் பை கூடாது என்கிறது.

தோள் பை என்றால் எவ்வளவும் திணிக்கலாம் என்று அர்த்தமில்லை. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் கணக்கு. 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ, ஞாபகம் இருக்கட்டும்! 1989-லேயே எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் மாநிலங்களவையில் இந்தச் சுமைக்காகப் பேசினார். 2012-ல் முப்பருவ முறை வந்தபோது பை இளைத்ததை வகுப்பில் கண்ணால் பார்த்தவள் நான். அந்த இடத்தை இப்போது கைடும் டியூஷன் நோட்டும் பிடித்துக்கொண்டன. அதைத் திணிப்பது பள்ளிக்கூடம் மட்டுமல்ல, நாமும்தான்.

இரண்டு பட்டையும் அகலமாக உள்ள பையாக வாங்குங்கள். ராத்திரி டைம்டேபிள் பார்த்து பிள்ளையே அடுக்கட்டும். நாளை காலை கடைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, எத்தனை கிலோ என்று கீழே எழுதுங்கள்.